மூன்றாம் அறையில் ஒரு கை

நகர நூலகத்தின் மாடியில் இருந்த சமூகக் கலைக்கூடத்துக்கு மூன்று அறைகள். முதல் அறையில் ஓவியங்கள். இரண்டாவதில் புகைப்படங்களும் தையல் வேலையும். சுவரில் மாட்ட முடியாதவை எல்லாம் மூன்றாவதில். யார் வேண்டுமானாலும் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு படைப்பை வைக்கலாம். நிபந்தனை இரண்டுதான். படைப்பைப் பற்றிய குறிப்பு நாற்பது சொற்களைத் தாண்டக் கூடாது. கண்காட்சி நடக்கும் பதினான்கு நாட்களில், வைத்தவர்கள் ஒவ்வொருவரும் மூன்று முறையாவது வந்து, இரண்டு இரண்டு மணி நேரம் எல்லாப் படைப்புகளுக்கும் சேர்த்துக் காவல் இருக்க வேண்டும்.

பதிவு நாளன்று ஒருவர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். ஐம்பத்தெட்டு வயது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். கூடத்தை நடத்துவது அவர்தான். எல்லாருக்கும் அவர் டீச்சர்.

"ஓவியமா சார்?"

"இல்லைங்க. கை."

"என்ன கை?"

பெட்டியைத் திறந்து, குளியல் துண்டைப் பிரித்துக் காட்டினார். ஒரு பெண்ணின் வலது கை, மணிக்கட்டுக்குச் சற்று மேலே நேராக முடிந்திருந்தது. பழைய காகிதத்தின் மஞ்சள் நிறம். மேசையில் கையூன்றி எழுந்திருக்கப் போகிறவரைப் போல விரல்கள் லேசாக மடங்கியிருந்தன. நகங்களின் நீளவாட்டுக் கோடுகள், கணுக்களின் சுருக்கங்கள், புறங்கையில் ஓடும் நரம்பு எல்லாம் அப்படியே தெரிந்தன.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "நீங்களே செதுக்கினதா?"

"செதுக்கலைங்க. அச்சு எடுத்தது. நான் பல் செட் செய்யறவன். டாக்டருங்க அளவெடுத்து அனுப்புவாங்க, நான் செஞ்சு கொடுப்பேன்."

"அப்போ இது கடிக்காதே?"

அவர் சிரித்தார். டீச்சரும் சிரித்துவிட்டு, "யாரோட கை இது?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரியோடது."

"அவங்களையும் திறப்பு விழாவுக்குக் கூட்டிட்டு வாங்க."

"அவ போய் எட்டு மாசமாச்சுங்க."

டீச்சர் பேனாவைத் தேடுவதுபோல மேசை இழுப்பறையைத் திறந்து மூடினார். பேனா அவர் கையிலேயே இருந்தது.

அவர் எழுதி வந்த குறிப்பில் 'கை. டென்டல் ஸ்டோன்' என்று மட்டும் இருந்தது. பல் அச்சு வார்க்கிற கெட்டியான பிளாஸ்டருக்கு அதுதான் பெயர். "நாற்பது சொல் இருக்கு சார், நீங்க மூணுல நிறுத்திட்டீங்களே" என்றார் டீச்சர். அவர் ஜன்னல் பக்கமாகப் போய் நின்று, ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் எழுதி எழுதி அடித்தார். கடைசியில் கொண்டு வந்து கொடுத்தது இதுதான்: 'என் மனைவியின் வலது கை. அவளே கேட்டுக்கொண்டதால், அவள் இருக்கும்போதே எடுத்தது. தொட்டுப் பார்க்கலாம்.'

கடைசி வாக்கியத்துக்கு டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் அறை முழுக்கத் 'தொடாதீர்' என்ற அட்டைதான். "ஒருத்தர் தொட்டா எல்லாத்தையும் தொடுவாங்க. போன வருஷம் ஒரு தீக்குச்சிக் கப்பலை ஒரு குழந்தை துறைமுகத்துக்கே அனுப்பிடுச்சு."

"இது உடையாதுங்க. தொடறதுக்குத்தானே கை?"

டீச்சர் எடுத்து வைத்திருந்த 'தொடாதீர்' அட்டையைத் திரும்ப இழுப்பறைக்குள் போட்டார்.

அந்த மூன்று வாக்கியங்களில் நடுவில் இருந்ததுதான் எழுதியவருக்கு முக்கியம். கண்காட்சியில் கையை வைத்ததே அந்த ஒரு வாக்கியத்தை ஒரே ஒருத்தி படிக்க வேண்டும் என்பதற்காக. அவருடைய மகள் அவரிடம் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது.

மனைவிக்கு நோய் முற்றி, மருத்துவமனையில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு நாள் காலையில் அவர் அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்டாள். "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பல்லு செஞ்சு கொடுத்தீங்க. எனக்குன்னு என்ன செஞ்சீங்க?"

"உனக்குத்தான் முப்பத்திரண்டும் கெட்டியா இருக்கே."

"கையை எடுத்து வெச்சுக்கோங்களேன். நான் போனப்புறம் உங்க முதுகை யாரு சொறிவாங்க?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுநாள் அவள் மறுபடி கேட்டபோது சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் பட்டறையிலிருந்து மாவைக் கொண்டு வந்தார். அச்செடுக்கிற மாவு இளஞ்சிவப்பாக, புதினா வாசனையோடு இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கரைத்த இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும். பல்லுக்கு அது போதும், கைக்குப் போதாது. அதனால் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் கரைத்தார். ஒரு உயரமான பாத்திரத்தில் ஊற்றி, கட்டிலின் ஓரத்தில் வைத்து, அவள் கையை உள்ளே இறக்கினார். "ஜில்லுன்னு இருக்கு" என்றாள். வலிக்குக் கொடுத்த மருந்தில் அப்படியே கண்ணயர்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து மகள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அம்மா தலை சாய்ந்து கிடக்கிறாள். அவள் கை முழங்கைக்குக் கீழே ஒரு சிவப்புக் கூழுக்குள் இருக்கிறது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னப்பா பண்றீங்க?"

அவர் திரும்பவில்லை. "ரெண்டு நிமிஷம் பேசாம இரு. அசைஞ்சா கெட்டுடும்" என்றார்.

முப்பது ஆண்டுகள் பட்டறையில் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிய வார்த்தை. அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பின்னால் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டார்.

"அம்மா இன்னும் சாகலைப்பா" என்றாள் மகள்.

நான்காம் நாள் மனைவி இறந்தாள். எல்லாம் முடிந்த பிறகு மகள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "அந்தக் கை இருக்கற வீட்டுக்கு நான் வரமாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு மாப்பிள்ளைதான் நடுவில் தபால்காரர். அம்மாவே கேட்டாள் என்ற செய்தியையும் அவர் வழியாகத்தான் சொல்லியனுப்பினார். 'செத்தவங்க வந்து சாட்சி சொல்ல மாட்டாங்கங்கற தைரியம்' என்று பதில் வந்தது. மாப்பிள்ளை அதைக் கொஞ்சம் மெழுகித்தான் சொன்னார். இருந்தும் அவருக்குப் புரிந்தது.

கண்காட்சி திறந்த அன்று மாலை மாப்பிள்ளைக்குப் போன் செய்தார்.

"சொல்லிட்டேன் மாமா. நூலக மாடின்னும் சொன்னேன். அங்க என்ன எழுதியிருக்குன்னும் சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"கேட்டுக்கிட்டா."

"கேட்டுட்டு?"

"பாத்திரம் கழுவினா மாமா. கொஞ்சம் சத்தமாவே கழுவினா."

மகள் எப்போது வந்தாலும் தான் அங்கே இருக்க வேண்டும் என்று அவர் மற்றவர்களின் காவல் முறையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் அறையில் பேருந்துகளின் பின்பக்கத்தை மட்டும் பன்னிரண்டு விதமாக ஒரே பலகையில் வரைந்து வைத்திருந்தவர் ஒரு டாக்சிக்காரர். ஏன் பின்பக்கம் என்று கேட்டால், "இருபது வருஷமா நான் பார்த்தது அதைத்தானே?" என்பார். அவர் தன்னுடைய மூன்று முறைகளையும் மனமுவந்து கொடுத்தார். "எடுத்துக்கோங்க சார். கூடவே என் பஸ்ஸுங்களையும் பார்த்துக்கோங்க, எதுவும் கிளம்பிடாம."

பகல் முழுக்க மகளுக்காகக் காத்து மூன்றாம் அறையின் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் பழைய சாவிகளால் செய்த ஒரு மீன். அந்தப் பக்கம் ஓட்டித் தேய்ந்த சைக்கிள் சங்கிலியில் ஒரு மரம். நடுவில் கை. வந்தவர்கள் குறிப்பைப் படித்ததும் முதலில் ஒரு எட்டு பின்னால் போனார்கள். பிறகு யாராவது ஒருவர் தொட்டார். ஒரு பெண் கை குலுக்குவதுபோலப் பிடித்துவிட்டு, "ஐயோ, என்னைவிட சின்னக் கை" என்றாள். அலுவலகப் பை தொங்க ஒரு ஆள் தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்து, கைப்பேசி அடிக்கும்வரை அப்படியே நின்றார். கடைசல் பட்டறைக்காரர் ஒருவர் குனிந்து நிமிர்ந்து நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, "ஒரு குறை சொல்ல முடியாதுங்க. மணி மாதிரி வேலை" என்றார். அதைக் கேட்டவர் முகத்தில் அன்று முழுக்க அந்தச் சந்தோஷம் இருந்தது. பத்தாம் நாளுக்குள், பலர் தொட்டுத் தொட்டுக் கணுக்கள் லேசாகக் கறுத்திருந்தன.

தினமும் பூட்டுவதற்கு முன்னால் பார்வையாளர் ஏட்டைப் புரட்டிப் பார்ப்பார். தேநீருக்குப் போன பத்து நிமிடத்தில் வந்து போயிருந்தால்? மகளின் கையெழுத்து எங்கேயும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் மதியம் மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது. '3.40க்கு வர்றா. 4.25 பஸ்ஸுக்குத் திரும்பணுமாம்.' பேருந்து நிறுவனத்தில் நேர அட்டவணை போடுவதுதான் மகளின் வேலை. சொன்னால் சொன்ன நிமிடம்.

மூன்றே முக்கால் ஆவதற்கு முன் அவள் வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். காலையில் அவர் போட்டு வந்த சட்டையின் மேல் பொத்தானை அவர் இப்போது போட்டுக்கொண்டார்.

"வாம்மா."

"ம்."

அவள் முதலில் சாவி மீனைப் பார்த்தாள். பிறகு சங்கிலி மரத்தை. அவற்றின் குறிப்புகளை முழுவதும் படித்தாள். அதற்குப் பிறகுதான் நடு மேசைக்கு வந்தாள். மூன்று வாக்கியங்களையும் படிக்க அவளுக்கு நீண்ட நேரம் ஆனது.

"அம்மாவே கேட்டாளா?"

"கேட்டா. ரெண்டு நாள் விடாம கேட்டா."

"எப்படிக் கேட்டா? அப்படியே சொல்லுங்க."

முதுகு சொறிவதைப் பற்றி அவள் சொன்னதை அப்படியே சொன்னார். மகளின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "அம்மாதான்" என்றாள். "வேற யாருக்கும் அந்தப் பேச்சு வராது."

எட்டு மாதமாக அவர் காத்திருந்தது அதற்குத்தான். அப்போதே எல்லாம் முடிந்துவிட்டதுபோல அவருக்கு உடம்பு லேசானது. "கண்காட்சி முடிஞ்சதும் நீயே எடுத்துட்டுப் போம்மா" என்றார். "உனக்குன்னுதான் வெச்சிருந்தேன்."

அவள் பையைத் தரையில் வைத்துவிட்டுத் தன் வலது கையை அந்தக் கையின் மேல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய ஆள்காட்டி விரல் மட்டும் நகர்ந்தது. புறங்கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதைப் பகுதிக்குப் போய் அங்கே தடவியது. மறுபடி தடவியது. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. அவள் கண்ணைத் திறந்தாள்.

"அந்தக் குழி எங்கப்பா?"

"எந்தக் குழி?"

"அம்மா கையில இருக்குமே. சின்ன வயசுல அம்மை போட்ட தழும்பு. ஒரு மிளகு உட்காரும் அளவுக்கு. நான் தூங்கறப்போ விரலை அதுலதான் வெச்சுக்குவேன். ஸ்கூல் போற வயசு வரைக்கும்." அவள் குனிந்து பார்த்தாள். "இங்கதான் இருக்கும். இங்க வழவழன்னு இருக்கே."

அவருக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

ஸ்டோனைக் கரைத்து அச்சுக்குள் ஊற்றும்போது எவ்வளவு தட்டினாலும் உள்ளே காற்று நிற்கும். இறுகிய பிறகு, காற்று நின்ற இடமெல்லாம் சின்னச் சின்னக் குழி. நல்ல வேலைக்காரன் அதை விட்டுவைக்க மாட்டான். அதே மாவை நீர்க்கக் கரைத்து, தூரிகை முனையால் ஒவ்வொரு குழியையும் அடைத்து, காய்ந்ததும் தேய்த்துச் சமப்படுத்துவான். மனைவி போன மறுவாரம், வீட்டில் யாரும் இல்லாத பகல்களில், விளக்கடியில் உட்கார்ந்து அவர் அதைத்தான் செய்தார். ஏழெட்டுக் குழிகள் இருந்தன.

"காத்துக் குமிழின்னு நினைச்சேன்" என்றார். "அடைச்சுட்டேம்மா."

மகள் அவரைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் பார்வையில் கோபம் இல்லை. புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளப் பார்க்கிற பார்வை.

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான்..." என்று தொடங்கி நிறுத்தினார். தெரியாது. முப்பத்தொரு வருடம். பிடித்து நடந்த கை, நகம் வெட்டிவிட்ட கை. அதில் ஒரு குழி இருந்தது அவருக்கு நினைவில்லை. பார்த்தே இருக்க மாட்டாரா? பார்த்திருப்பார். பார்த்தும் பதியாமல் போயிருக்கிறது. தன் மனைவியின் கையில் இருந்ததைத் தன் வேலையின் பிழை என்று நினைத்து அழித்திருக்கிறார்.

"அச்சு இருக்கா?" என்றாள்.

"பிச்சு எடுத்தாத்தாம்மா கை வெளிய வரும். அன்னிக்கே போட்டாச்சு."

"போட்டோ?"

இருவரும் தங்கள் கைப்பேசிகளை எடுத்துத் தேடினார்கள். மனைவி படம் எடுக்கும்போதெல்லாம் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறவள். கை தெரிந்தது இரண்டே படங்களில்: ஒன்றில் பாத்திரம் பிடித்த இடது கை, மற்றொன்றில் வெளிச்சம் பட்டு வெளுத்த வலது கை.

"நானே போட்டுடறேன்" என்றார் அவர் அவசரமாக. "நீ இடத்தை மட்டும் காட்டு. சின்ன டிரில் இருக்கு, அஞ்சு நிமிஷ வேலை."

அவள் தன் கையைத் திருப்பித் தனக்கே காட்டிக்கொண்டாள். "இங்க. இந்த எலும்பு முடியற இடத்துல." விரலை வைத்தாள், எடுத்தாள். "இல்ல, இன்னும் கட்டைவிரல் பக்கம். என் விரல் அப்போ சின்னதா இருந்தது, அதனால..." மறுபடி வைத்தாள். முதலில் வைத்த இடம் இல்லை அது. அவளுக்கும் அது தெரிந்தது. கையை இறக்கிவிட்டாள்.

"எனக்கும் சரியாத் தெரியலப்பா."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். பக்கத்து அறையில் ஒரு தம்பதி புகைப்படம் ஒன்றின் முன்னால் நின்று அது சூரியோதயமா அஸ்தமனமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவர் மகளின் தோளுக்கு அருகில் கையைக் கொண்டு போனார். வைக்கவில்லை.

சற்று நேரம் கழித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அடைச்சதுதானே? அம்மாவோட குழி உள்ளேதான இருக்கும்? நீங்க போட்டதை மட்டும் சுரண்டி எடுத்தா?"

அவர் தலை நிமிர்ந்தது. "ஆமா. இருக்கும். அடியில அப்படியேதான் இருக்கும். அடைச்ச ஓரம் எங்கன்னு தெரிஞ்சா போதும்."

சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். கையை மேசை விளிம்புக்கு இழுத்தார். மகள் கைப்பேசியின் விளக்கைப் போட்டுப் பக்கவாட்டில் பிடித்தாள். அவர் முகத்தைக் கிட்டத்தட்டக் கல்லோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு ஓரத்திலிருந்து அங்குலம் அங்குலமாகத் தேடினார். அடைத்த மாவும் அதே மாவு, ஒரே டப்பா. நிறத்தில் வித்தியாசம் இருக்காது. ஓரம் மட்டும் முடியளவு தெரிய வேண்டும். தெரியவில்லை. தேய்த்துச் சமப்படுத்தியதோடு அவர் விட்டிருக்கவில்லை. தோலில் ஓடும் சின்னக் கோடுகளை அடைத்த இடத்தின் மேலும் ஊசி முனையால் கீறி, இரண்டு பக்கத்துக் கோடுகளோடும் சேர்த்துவிட்டிருந்தார். அதற்கு மட்டும் நான்கு நாள் ஆகியிருந்தது.

"தெரியுதாப்பா?"

"இரு."

டாக்சிக்காரர் வாசலில் எட்டிப் பார்த்தார். "என்ன சார், டாக்டர் கணக்கா சோதனை பண்றீங்க? யாரு, பொண்ணா?" அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

அவர் விரல் நுனியால் தடவிப் பார்த்தார். ஈரத் துணியை ஒற்றிப் பார்த்தார், அடைத்த இடம் தண்ணீரை வேறு மாதிரி உறிஞ்சும் என்று. எல்லா இடமும் ஒரே மாதிரி நனைந்து, ஒரே மாதிரி உலர்ந்தது. மணி நாலு இருபத்தைந்து தாண்டிவிட்டது. மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததை அவர் கவனித்தார். அவள் விளக்கை மட்டும் வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"விட்டுடுங்கப்பா" என்றாள்.

"எங்க போயிடும்? நான் போட்டதுதானே" என்றார் அவர், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிம்மா."